எழுபது வருஷம் என்று எழுதிய கடிதம்: வாக்குத்தத்தத்துக்குக் காத்திருப்பது எப்படி?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது தமிழ்ச் சபைகள் பலவற்றில் உள்ள வழக்கம். அந்த அட்டைகளில் எரேமியா 29:11 அநேகமாக இருக்கும்: "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வேலைக்கோ வரனுக்கோ குழந்தைக்கோ சுகத்துக்கோ காத்திருக்கும் ஒருவர் அதைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு மார்ச்சிலும் வாசிப்பார், ஆகஸ்டிலும் வாசிப்பார். நவம்பரில் எடுக்கும்போது மனம் வேறு விதமாகக் கேட்கும். இது எனக்குச் சொன்னதுதானா? என் விசுவாசத்தில்தான் ஏதாவது குறையா?

இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, அந்த வசனத்துக்கு ஒரு வசனம் முன்னாலேயே இருக்கிறது. விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களும், பல வருஷம் சபைக்குப் போயும் இதை யாரும் உட்கார்ந்து விளக்காதவர்களும் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

அந்த வசனம் இருந்த கடிதம்

கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனான். அவர்களுக்கு எருசலேமில் இருந்தபடியே தீர்க்கதரிசி எரேமியா எழுதி அனுப்பிய கடிதம்தான் 29ஆம் அதிகாரம். அட்டையில் அச்சாகாத 10ஆம் வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்புதான் கர்த்தர் அவர்களைச் சந்தித்துத் திரும்பிவரப்பண்ணுவார் என்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடிதம் வந்தபோது முப்பது வயதாயிருந்தவர் திரும்பிப் போகும் நாளில் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் கடிதம் வீடு கட்டச் சொல்கிறது, தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடச் சொல்கிறது, பிள்ளைகளைப் பெற்று அந்தப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்துவைக்கச் சொல்கிறது. சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கவும் சொல்கிறது. மூன்று தலைமுறைக்கான ஏற்பாடு இது. "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்ற சொல் இந்த ஏற்பாட்டுக்கு நடுவில்தான் வருகிறது.

அதே காலத்தில் எருசலேமில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி இருந்தான். இரண்டே வருஷத்தில் ஆலயப் பாத்திரங்களும் சிறைப்பட்டவர்களும் திரும்பிவிடுவார்கள் என்று அவன் ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அறிவித்தான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தையும் பிற்பாடு எடுத்து உடைத்தான். அந்த அறிவிப்புக்கு எரேமியாவின் முதல் பதில் என்ன தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அதுதான் வேண்டும். ஆனால் விருப்பத்தைக் கர்த்தரின் வார்த்தை என்று சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. அனனியா ஐந்தாம் மாதம் அப்படிப் பேசினான்; அதே வருஷம் ஏழாம் மாதம் இறந்துபோனான். திரும்பிப் போக அனுமதி தரும் பாரசீக ராஜா கோரேசின் கட்டளை கி.மு. 538இல்தான் வந்தது. எழுபதை எங்கிருந்து எங்கே எண்ணுவது என்பதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. யூதா பாபிலோனுக்குக் கீழ்ப்பட்ட கி.மு. 605இலிருந்து ஏறக்குறைய எழுபது என்று சிலர் எண்ணுவார்கள். ஆலயம் இடிந்த 586இலிருந்து அது மறுபடி கட்டி முடிந்த 516 வரை என்று மற்றவர்கள் எண்ணுவார்கள்.

காத்திருப்பில் சோர்ந்துபோகிறவர்களில் பலருடைய பாரம் இங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் கையில் இருப்பது எரேமியாவின் வசனம். மனதில் இருப்பது அனனியாவின் கெடு.

வாக்கு எது, விண்ணப்பம் எது

ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்ளும் முன் அதனிடம் நான்கு விஷயம் கேட்க வேண்டும். முதலாவது, யாருக்குச் சொன்னது? "உன் மனைவியாகிய சாராளுக்கு ஒரு குமாரன் இருப்பான்" என்பது ஒரு குடும்பத்துக்குச் சொன்னது. எரேமியா 29:10 ஒரு ஜனக்கூட்டத்துக்குச் சொன்னது. "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பதை எபிரெயர் 13:5 எல்லா விசுவாசிகளுக்கும் உரியதாக எடுத்துச் சொல்கிறது.

இரண்டாவது, நிபந்தனை உண்டா? 1 யோவான் 1:9 "அறிக்கையிட்டால்" என்று தொடங்குகிறது. ஆதியாகமம் 15 வேறு விதம். துண்டித்து வைத்த மிருகங்களின் நடுவே உடன்படிக்கை செய்கிறவர்கள் கடந்துபோவது அக்கால வழக்கம். அங்கே ஆபிராம் (பின்னாளில் ஆபிரகாம்) அயர்ந்த நித்திரையில் கிடக்கிறார். புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டுமே கடந்துபோகின்றன. அந்த வாக்கின் முழுப் பொறுப்பும் தேவன் பக்கம். மூன்றாவது, தேதி சொல்லியிருக்கிறதா? பெரும்பாலான வாக்குகளில் இருக்காது.

நான்காவதுதான் அதிகம் தவறவிடப்படுவது: சரியாக என்ன வாக்கு? பிலிப்பியர் 4:6 எல்லாவற்றையும் ஸ்தோத்திரத்தோடே கேட்கச் சொல்கிறது. அப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்று அடுத்த வசனத்தைப் பாருங்கள். கேட்டது கிடைக்கும் என்று அங்கே இல்லை. எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் இருதயத்தையும் சிந்தையையும் காத்துக்கொள்ளும் என்றிருக்கிறது. பவுல் இதைச் சிறையிலிருந்து எழுதினார்.

அப்படியானால் எரேமியா 29:11ஐ நாம் தொடவே கூடாதா? தொடலாம். தம்முடைய ஜனத்தைத் தண்டிக்கும்போதும் அவர்களுக்கு நன்மையையே நினைக்கிற தேவன் அவர் என்று அந்த வசனம் காட்டுகிறது. அவர் குணம் மாறவில்லை. தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் "ஆம்" என்று இருக்கிறதாக 2 கொரிந்தியர் 1:20 சொல்வதும் இந்த அர்த்தத்தில்தான். அந்தக் குணத்தை நம்பி விசாவுக்காகவும் ஜெபிக்கலாம், பரீட்சைக்காகவும் ஜெபிக்கலாம். ஆனால் விசா வந்தே தீரும் என்று அந்த வசனத்தில் எழுதியிருப்பதாக எண்ணக்கூடாது.

இதை நடைமுறையில் பழக ஒரு நோட்டுப் போதும். இடது பக்கத்தில், எல்லா விசுவாசிகளுக்கும் தெளிவாகச் சொன்ன வாக்குகளை எழுதுங்கள்: உடன் இருப்பது (மத்தேயு 28:20), பாவமன்னிப்பு (1 யோவான் 1:9), கேட்கிறவனுக்கு ஞானம் (யாக்கோபு 1:5), உயிர்த்தெழுதல் (யோவான் 11:25). வலது பக்கத்தில் உங்கள் விண்ணப்பங்களைத் தேதி போட்டு, மறைக்காமல், பெயர் சொல்லி எழுதுங்கள். "எல்லாம் நன்றாக இருக்க வேண்டும்" என்பது பின்னால் சரிபார்க்க முடியாத விண்ணப்பம். "ஜூன் மாதத்துக்குள் வாடகை கட்ட வழி வேண்டும்" என்பதைச் சரிபார்க்கலாம். மாதம் ஒருமுறை இரு பக்கத்தையும் வாசியுங்கள். வலது பக்கத்தில் எதுவும் நகராத மாதத்திலும் இடது பக்கத்தில் எதுவும் ரத்தாகியிருக்காது. விண்ணப்பத்தை இடது பக்கத்தில் எழுதிவிட்டு, அது நடக்காதபோது தேவன் வாக்கு மாறினார் என்று முடிவுக்கு வருவதுதான் பலருடைய விசுவாசம் உடையும் இடம்.

காத்திருக்கும் நாளில் செய்யும் வேலை

முதலில் ஜெபம். வாக்கு உறுதியானதுதானே, பிறகு ஏன் ஜெபிக்க வேண்டும் என்ற கேள்வி வரும். தானியேல் 9ஐப் பாருங்கள். எழுபது வருஷம் என்பதை எரேமியாவின் எழுத்துகளில் வாசித்து அறிந்ததும், பாபிலோனில் சிறைப்பட்டிருந்த தானியேல் நிம்மதியாகப் படுத்துவிடவில்லை. உபவாசமிருந்து, இரட்டிலும் சாம்பலிலும் உட்கார்ந்து, தன் ஜனத்தின் பாவங்களை அறிக்கையிட்டு விண்ணப்பம்பண்ணத் தொடங்கினார்.

என்ன பேசுவது என்றே தெரியாத நாட்களுக்கு 13ஆம் சங்கீதம் நல்ல அச்சு. ஆறே வசனம், இரண்டிரண்டாகப் பிரியும். முதல் இரண்டில் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறார். நீங்களும் உங்கள் முறையீட்டை அப்படியே தேவனிடம் சொல்லுங்கள்: எத்தனை மாதமாயிற்று, எது வலிக்கிறது, யார் என்ன சொன்னார்கள். அடுத்த இரண்டு வசனம் விண்ணப்பம். அதை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். கடைசி இரண்டு நம்பிக்கை. அங்கே "நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன்" என்று வருவதைக் கவனியுங்கள். நடந்து முடிந்ததைப் பிடித்துக்கொண்டுதான் இனி வருவதைப் பற்றிப் பேசுகிறார். உங்கள் வாழ்க்கையில் தேவன் செய்த ஒரு நன்மையைப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். இவ்வளவுக்கும் பத்து நிமிஷம் போதும்.

இதில் இரண்டு விதமாகத் தடுமாறுவோம். முறையீடு அவிசுவாசம் என்று பயந்து நேரே துதிக்குத் தாவினால், சில வாரங்களில் ஜெபம் பொய்யாகத் தோன்றி நின்றுபோகும். முதல் இரண்டு வசனத்திலேயே தினமும் நின்றுவிட்டால் அதே கவலையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்போம். சில நாட்களில் நம்பிக்கையின் வரிகள் வாயில் வராது. அந்த நாட்களுக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. 18 வசனம் கொண்ட அது இருளிலேயே முடிகிறது. அப்படியொரு ஜெபத்தையும் வேதம் தன்னுள் வைத்திருக்கிறது.

உபவாசம் தேவனை வற்புறுத்தும் உண்ணாவிரதம் அல்ல. அது ஜெபத்துக்கென்று நேரத்தையும் மனதையும் ஒதுக்குவது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டை விடக்கூடாது. ஒரு நாள் கைப்பேசியை விட்டு அந்த நேரத்தில் ஜெபிக்கலாம்.

பிறகு வாழ்க்கை. வாக்கு கையில் இருக்கும்போதே கைவேலையும் நடக்க வேண்டும் என்பதற்கு எசேக்கியா ராஜாவைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. சாகும் நிலையில் நோயாயிருந்த அவருடைய ஆயுசோடே பதினைந்து வருஷம் கூட்டுவதாகக் கர்த்தர் சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த வசனத்திலேயே தீர்க்கதரிசி ஏசாயா அத்திப்பழத்து அடை கொண்டுவரச் சொல்கிறார். பிளவையின்மேல் பற்றுப் போடுகிறார்கள் (2 இராஜாக்கள் 20:5-7). மருந்தை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளம் என்று யாராவது சொன்னால் இந்த மூன்று வசனத்தையும் வாசித்துக் காட்டுங்கள். வலிப்பு, இருதயம், மனநோய், காசநோய் போன்றவற்றுக்கான மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

எரேமியாவும் ஒரு வேலை செய்தார். எருசலேம் முற்றுகையில் இருக்க, அவரும் காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்க, பாபிலோனியர் கைக்குப் போகவிருந்த ஆனதோத்தில் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு நிலம் வாங்கினார். சாட்சிகள் முன் பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் வாங்கப்படும் என்பது அவருக்குக் கிடைத்த வாக்கு. பிற்பாடு அவர் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்த நிலத்துக்குத் திரும்பியதாக வேதத்தில் எங்கும் இல்லை. வாங்கி முடித்தபின் அவர் செய்த ஜெபமும் தெளிவான ஜெபமாக இல்லை. "பட்டணம் விழப்போகிறது, நீரோ நிலம் வாங்கச் சொன்னீர்" என்ற குழப்பம் அதில் தெரிகிறது. மனம் முழுதாகத் தெளிந்த பிறகுதான் கீழ்ப்படிய வேண்டும் என்றால் அவர் கையெழுத்தே போட்டிருக்க மாட்டார்.

ஆகவே வேலைக்குக் காத்திருப்பவர் விண்ணப்பம் போடுவதை நிறுத்தாமல் ஒரு தொழில் பழகலாம். குழந்தைக்குக் காத்திருக்கும் தம்பதியர் இருவருமே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பெண்ணை மட்டும் அனுப்புவது அநியாயம், மருத்துவப்படியும் தவறு. வரனுக்குக் காத்திருப்பவர் வீடு வாங்குவதையும் படிப்பையும் ஊழியத்தையும் "கல்யாணத்துக்குப் பிறகு" என்று தள்ளிவைக்க வேண்டியதில்லை. வீடு கட்டி, தோட்டம் நாட்டச் சொன்னவர் அந்தக் கடிதத்தில் "தற்காலிகமாக" என்ற வார்த்தையைச் சேர்க்கவில்லை.

அவசரம் எங்கே கொண்டுபோய் விடுகிறது

ஆபிராம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. வாக்கின் குமாரன் ஈசாக்கு பிறந்தபோது 100. இடையிலுள்ள 25 வருஷத்தில், கானானுக்கு வந்து பத்து வருஷம் ஆன சமயத்தில், சாராய் (பின்னாளில் சாராள்) தன் எகிப்திய அடிமைப்பெண் ஆகாரைக் கணவனுக்குக் கொடுத்தாள். இதை அவிசுவாசத்தின் கூத்தாகப் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அதுவரை கிடைத்திருந்த வாக்கில், ஆபிராமின் கர்ப்பப்பிறப்பானவனே சுதந்தரவாளி என்று மட்டும்தான் இருந்தது. அந்தப் பிள்ளையின் தாயாகச் சாராளின் பெயர் 17ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. அவள் போட்ட கணக்கு அந்தக் காலத்து வழக்கத்துக்கு ஒத்துப்போனது, வாக்குக்கும் நேரடியாக முரண்படவில்லை. குறுக்குவழிகள் பெரும்பாலும் இப்படித்தான் நியாயமாகத் தோன்றும்.

ஆனால் அதன் விலையைக் கொடுத்தது யார்? மறுத்துப் பேச வழியில்லாத ஆகார். கடினமாக நடத்தப்பட்டு, கர்ப்பத்தோடு வனாந்தரத்துக்கு ஓடினாள். கர்த்தருடைய தூதனானவர் அவளைத் தேடிப் போனார். "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று அவள் பேரிட்டாள். ஒரு முடிவு அவசரமா, விசுவாசமா என்று தெரியாதபோது இந்தக் கேள்வி உதவும்: என் அவசரத்தின் விலையை என்னைவிட பலம் குறைந்த யாராவது கொடுக்கிறார்களா? நோயை மறைத்துச் செய்யும் கல்யாணம், வரதட்சணைக்காகத் தகப்பன் வாங்கும் வட்டிக்கடன், தங்கையின் படிப்புப் பணத்தில் ஏஜென்ட்டுக்குக் கட்டும் முன்பணம் எல்லாம் இந்தக் கேள்வியில் தோற்றுப்போகும்.

சவுல் ராஜாவின் அவசரம் வேறு வகை. பலி செலுத்தத் தீர்க்கதரிசி சாமுவேல் வருவாரென்று கில்காலில் ஏழு நாள் காத்திருந்தான். ஜனங்கள் சிதறிப்போவதைப் பார்த்துப் பயந்து பலியைத் தானே செலுத்தினான். செலுத்தி முடிக்கும்போது சாமுவேல் வந்து நின்றார். சுற்றியிருப்பவர்கள் கலைந்துபோவார்கள் என்ற பயத்தில் எடுக்கும் முடிவுகளுக்குக் கூடுதலாக ஒரு வாரம் கொடுங்கள்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். காத்திருப்பவர்களின் ஏக்கத்தை வைத்துப் பணம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். "இத்தனை ரூபாய் விதையுங்கள், இத்தனை நாளில் அற்புதம்" என்று தேதியும் தொகையும் சேர்ந்து வந்தால் விலகிப்போங்கள். பொருத்தனையிலும் நிதானம் வேண்டும். நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி 5:5 சொல்கிறது. கலங்கி இருக்கும் இரவில் பொருத்தனை செய்ய வேண்டாம்.

கேட்டது வராமலே போனால்

பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. விசுவாசம் குறைவானதால் முள் நீங்கவில்லை என்று பவுலிடம் யாரும் சொல்ல முடியாது. அதே வார்த்தையை உங்களிடம் சொல்கிறவர்களுக்கும் நீங்கள் தலை குனிய வேண்டியதில்லை. ஆபிரகாமுக்கும் தேசம் முழுவதும் வாக்களிக்கப்பட்டது. ஆனால் கானானில் அவர் சொந்தமாக வாங்கியதாக வேதம் சொல்வது, சாராளை அடக்கம்பண்ண 400 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கிய மக்பேலா நிலம் ஒன்றைத்தான். எபிரெயர் 11:13 இப்படிப்பட்டவர்கள் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல், "தூரத்திலே அவைகளைக் கண்டு" மரித்தார்கள் என்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கையின் கடைசி வாக்கு உயிர்த்தெழுதல். அதனால் இந்த ஆயுசுக்குள் முடியாத கணக்கும் முடிந்துபோன கணக்கு ஆகாது. இதற்காகத் துக்கம் கூடாது என்று சொல்லவில்லை. மருத்துவர் இனி வாய்ப்பில்லை என்று சொன்ன நாளில் அழுவது விசுவாசத்துக்கு விரோதமானதல்ல. மரித்த லாசருவை எழுப்பப்போகிற இயேசுவே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

அன்னாளின் கதையில், குழந்தை இல்லாத அவளை, கணவனின் இன்னொரு மனைவி பெனின்னாள் வருஷந்தோறும் மனமடிவாக்கினாள். கணவன் எல்க்கானாவோ, பத்துக் குமாரரைவிட நான் உனக்கு மேல் இல்லையா என்று கேட்டான். அன்பான கேள்விதான், ஆனால் அவள் துக்கத்தைக் கேட்காத கேள்வி. ஆசாரியன் ஏலி, ஜெபித்தவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். தவறு தெரிந்ததும் அவன் உடனே சமாதானத்தோடே போகச் சொல்லி ஆசீர்வதித்தான். அவள் போய்ச் சாப்பிட்டாள், அதன்பின் துக்கமுகமாயிருக்கவில்லை. அப்போது கர்ப்பம் தரித்திருக்கவில்லை, எதுவுமே மாறியிருக்கவில்லை. தன் ஜெபத்தை ஒருவர் மதித்தது மட்டுமே புதிது.

எனவே ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும் பெண்ணிடம் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்காதீர்கள். விசேஷம் இருந்தால் அவளே சொல்வாள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்னும் ரோமர் 8:28ஐ முதல் வார்த்தையாக எடுக்காதீர்கள். அது உண்மை, ஆனால் காயத்தின்மேல் முதலில் வைக்கும் துணி அதுவல்ல. "என்ன உதவி வேண்டுமானாலும் சொல்லுங்கள்" என்பதைவிட "வியாழக்கிழமை ஸ்கேனுக்கு நான் கூட வருகிறேன்" என்பது உதவும். ஜெபக் குறிப்பில் ஒருவர் பெயரைச் சேர்த்தால் அவருடைய அனுமதியைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்தும் அந்தப் பெயரை நீக்காதீர்கள்.

தூக்கம் போய், சாப்பாடு போய், "செத்துப்போனால் நல்லது" என்று ஒருவர் பேசத் தொடங்கினால் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், ஜெபத்தையும் நிறுத்தாதீர்கள். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகும்படி கேட்டபோது தேவதூதன் முதலில் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும்தான். எலியா சாப்பிட்டுத் தூங்கினார். தூதன் இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடவைத்தான். கர்த்தர் அவரோடு பேசியது அதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்தபோது.